இரண்டாம் எண் தொட்டியும் இரண்டு பத்திரிகைகளும்

வால்வுக்காரர் ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்த செய்தி மிகவும் சின்னது. கிழக்குப் பகுதிக்குத் தண்ணீர் போகிற இரண்டாம் எண் தொட்டியில் சாக்கடை கலந்துவிட்டது, அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். இவ்வளவுதான். அச்சில் போட்டால் கட்டைவிரல் அகலம்கூட வராது. இந்தக் கட்டைவிரல் அகலம் அச்சேற ஒரு வாரம் ஆயிற்று. அவர் திக்குவாயரோ என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். நன்றாகவே பேசுவார். போய்ச் சொன்ன இடம் பத்திரிகை ஆபீஸ், அதுதான் காரணம்.

இருபத்தொரு வருஷமாகக் குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடுகிற வேலை அவருக்கு. தினம் விடியும்போது ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். அந்தத் திங்கட்கிழமை மூன்றாவது தெருவில் இருக்கும் தையல்காரம்மா வாசலில் நின்று, "தண்ணில ஒரு மாதிரி வாடை வருதுங்க, கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். வால்வுக்காரர் பையிலிருந்து சோதனைக் குப்பியை எடுத்து, குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அதில் ஐந்து சொட்டு மருந்தை விட்டார். குளோரின் கலந்த நல்ல தண்ணீராக இருந்தால் அது மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை. தொட்டிக்குப் போய் அங்கேயும் பிடித்துப் பார்த்தார். அங்கேயும் மஞ்சளாகவில்லை. தொட்டியை ஒட்டிப் போகிற சாக்கடைக் குழாயை ரோடு போட்டவர்கள் உடைத்துவிட்டு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு கோணிச் சாக்கைச் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வால்வுக்காரர் உடனே வால்வை மூடினார்.

அரைமணி நேரத்தில் என்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். தொட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வியாழக்கிழமை வாரியத்தோட ஐம்பதாவது ஆண்டு விழா. இன்னிக்குப் போய் தண்ணியை நிறுத்தியிருக்கியே, உனக்கு மூளை இருக்கா?"

"சார், சாக்கடை கலந்திருக்கு. குடிச்சா ஆள் போயிரும்."

"இங்க பாரு. தண்ணி வரலைன்னா ஜனங்க நம்ம ஆபீசுக்கு வருவாங்க. நான்தான் பதில் சொல்லணும். தண்ணி கெட்டிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. அது வேற டிபார்ட்மென்ட்."

இப்படி விளக்கமாகச் சொல்லிவிட்டு வால்வைத் திறக்க வைத்து, உத்தரவில்லாமல் மூடியதற்காக வால்வுக்காரரை அங்கேயே சஸ்பெண்ட் செய்தார். உடைந்த குழாயைச் சரிசெய்ய விழா முடிந்ததும் மதிப்பீடு தயாரிக்கலாம் என்றும் சொன்னார்.

கிழக்குப் பகுதியில் ஆறாயிரம் வீடு. அதில் ஒரு வீட்டின் மாடி அறையில்தான் வால்வுக்காரர் இருக்கிறார். கீழே அவருடைய அக்காவும் அத்தானும். பிள்ளைகள் இல்லாத அக்கா தம்பியைத் திட்டியே பொழுதைப் போக்குகிறவள். ஊர் எப்படியோ போகட்டும் என்று விடலாம், அக்காவை விட முடியுமா? ஒரு பாட்டில் தண்ணீரையும் சோதனைக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு, தோளில் சாவியோடு அவர் நேராகப் பத்திரிகை ஆபீசுக்குப் போனார்.

அந்தக் கட்டடத்தில் இரண்டு பத்திரிகைகள் உண்டு. முதல் மாடியில் சின்னப் பேப்பர், சாயங்காலம் வருவது, கக்கத்தில் செருகிக்கொள்ளலாம். இரண்டாம் மாடியில் பெரிய பேப்பர், காலையில் வருவது, விரித்தால் எதிரே இருக்கிற பெண்டாட்டி மறைந்துபோவாள். இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. அச்சு இயந்திரமும் ஒன்றே. ஒன்றைப் படிக்கிறவர் மற்றதைத் தொடமாட்டார், தொட்டால் கை கழுவுவார்.

"சின்னதா, பெரிசா?" என்று கேட்டார் வாசலில் இருந்த காவலாளி.

"என்னதுங்க?"

"செய்தி. சின்னப் பேப்பருக்கா, பெரிய பேப்பருக்கா? சின்னதுக்குப் படியேறணும். பெரிசுக்கு லிப்ட்."

"குடிக்கிற தண்ணி விஷயங்க."

"அப்ப ரெண்டு இடத்துக்கும் போயிட்டு வந்துருங்க" என்றார் காவலாளி பரிதாபமாக.

சின்னப் பேப்பரின் செய்தி ஆசிரியரை ஆபீசில் எல்லாரும் ஆச்சரியக்குறி என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷத்தில் வேறெந்தக் குறியும் போட்டு அவர் ஒரு வாக்கியத்தை முடித்தது கிடையாது. டீ கேட்டாலும் அப்படித்தான் கேட்பார்.

"எத்தனை பேர்!"

"எதுல சார்?"

"செத்தது எத்தனை பேர்யா!"

"இன்னும் யாரும் சாகல சார். அதுக்குத்தான் ஓடி வந்தேன்."

ஆச்சரியக்குறி பேனாவை மூடிவிட்டார். "நல்லா இருக்கிற ஊரை வச்சுகிட்டு நான் என்னத்தய்யா எழுதறது! செத்தப்புறம் வா! இல்ல, இழுத்துகிட்டு இருக்கிற ஆள் யாராவது இருந்தா சொல்லு, படம் எடுத்து வச்சுக்கலாம்!"

"குடிக்காதீங்கன்னு ஒரே ஒரு வரி போட்டா போதும் சார்."

"அது செய்தி இல்லய்யா, புத்திமதி! புத்திமதி சொல்ற பேப்பரை எவன் காசு குடுத்து வாங்குவான்! அதெல்லாம் மேல்மாடி சரக்கு! சரி, தண்ணி கெட்டுப்போச்சுன்னு உனக்கு யார் சொன்னது!"

"மூணாவது தெருவில ஒரு தையல்காரம்மா இருக்காங்க சார், அவங்கதான் முதல்ல..."

பேனா மறுபடி திறந்துகொண்டது.

"என்ன வயசு இருக்கும்!"

"தெரியலை சார்."

"புருஷன்!"

"இல்லைன்னு நினைக்கிறேன். நான் கவனிச்சதில்ல."

"கவனிச்சதில்லையாம்!" என்று ஆச்சரியக்குறி அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். ஆறு மேஜைகளிலிருந்து ஆறு தலைகள் நிமிர்ந்தன. "உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா!"

"இல்ல சார்."

"அவ சொன்னதும் வால்வை மூடிட்ட!"

"தண்ணி கெட்டிருந்தா மூடித்தானே சார் ஆகணும்."

"எழுதிக்கோ!" என்றார் பக்கத்து மேஜையைப் பார்த்து. "'மூடித்தான் ஆகணும் என்று துடித்தார்'னு போடு!"

ஒரு போட்டோக்காரர் வந்து வால்வுக்காரரை ஜன்னலோரம் நிற்கவைத்து, இரும்புச் சாவியை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி, "அவங்க அங்க நிக்கறாங்கன்னு நினைச்சுப் பாருங்க" என்றார். வால்வுக்காரர், அக்கா இந்நேரம் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருப்பாளே என்று நினைத்தார். முகம் அருமையாக வந்திருப்பதாகப் போட்டோக்காரர் சொன்னார்.

அங்கிருந்து வால்வுக்காரர் லிப்டில் மேலே போனார். பெரிய பேப்பரின் செய்தி ஆசிரியருக்கு அரைப்புள்ளி என்று பெயர். முற்றுப்புள்ளி வைத்தால் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டதாக ஆகிவிடுமே என்ற கவலையிலேயே அவருக்குத் தலை நரைத்திருந்தது. பாட்டிலைத் தொடாமல் எட்ட நின்று பார்த்தார்.

"இது உங்க தரப்பு, நாங்க மறுதரப்பையும் கேக்கணும்."

"மறுதரப்பு யாருங்க சார்?"

"தண்ணி நல்லா இருக்குன்னு சொல்றவங்க."

"அவங்க தண்ணியைப் பார்க்கவே இல்லையே சார்."

"அதனாலதான் அவங்ககிட்ட முன்முடிவு கிடையாது, நீங்க பார்த்துட்டீங்க, உங்களால நடுநிலையா இருக்க முடியாது."

வால்வுக்காரர் வாதாடாமல் மேஜை மேலேயே சோதனை செய்து காட்டினார். ஆபீஸ் குழாய்த் தண்ணீர் மேற்குத் தொட்டியிலிருந்து வருவது. அது ஐந்து சொட்டில் எலுமிச்சை மஞ்சளாயிற்று. பாட்டில் தண்ணீர் வெளுத்தபடியே இருந்தது. அரைப்புள்ளி இரண்டு குப்பிகளையும் சமமான நேரம் பார்த்தார்.

"நிறத்தைப் பத்திச் சொல்ற தகுதி எங்களுக்கு இல்ல, துறை வல்லுநர் ஒருத்தர் சொல்லணும், அவர் வெளிநாட்டுல இருக்கார், மாசக் கடைசியில வருவார்."

"அதுவரைக்கும் ஜனங்க குடிப்பாங்களே சார். ஒரே ஒரு வரி, குடிக்காதீங்கன்னு."

"எங்க வாசகர் காலையில பேப்பரைப் பிரிக்கும்போது கையில காபி இருக்கும்; அந்த நேரத்துல அவரைப் பதற வைக்கிறது எங்க மரபில்ல."

"அந்தக் காபியே இந்தத் தண்ணிலதான் சார் போடறாங்க!"

"அதைத்தான் நானும் சொல்றேன், நிம்மதியா குடிச்சு முடிக்கட்டும்" என்றார் அரைப்புள்ளி, மிகுந்த பண்போடு.

அன்று சாயங்காலம் சின்னப் பேப்பர் வந்தது. 'தையல்காரி கண்ணசைவில் தண்ணீரை அடைத்தார் வால்வு மன்மதன்! கிழக்குப் பகுதி தாகத்தில் தவிப்பு!!' சாவியை அணைத்தபடி வால்வுக்காரர் ஜன்னலுக்கு வெளியே ஏங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தையல்காரம்மா, யாரோ எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்த படம், குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். 'வெட்கத்தில் தலைகுனிந்தார்' என்று கீழே போட்டிருந்தது. கடைசி வரி இது: 'தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டதாகச் சாக்குச் சொல்கிறார்!'

மறுநாள் காலை பெரிய பேப்பரும் வந்தது. 'கிழக்குப் பகுதி நீர் வழங்கல்: மாறுபட்ட கருத்துகள்' என்பது தலைப்பு. மனிதன் ஆற்றங்கரையில் குடியேறிய காலத்திலிருந்து ஆரம்பித்து, வெண்கலக் காலம் வழியாக, பதினான்காவது பத்தியில்தான் இரண்டாம் எண் தொட்டிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். 'நீரின் தரம் குறித்து ஊழியர் ஒருவர் ஐயம் எழுப்பியதாகக் கூறப்படும் நிலையில், அவ்வையத்துக்கு இடமில்லை என்று கூற இயலாத நிலையில் தாங்கள் இல்லை என்பதை மறுப்பதற்கில்லை என அதிகாரிகள் வட்டாரம் தெரிவித்தது. எனினும் அந்நீரைப் பருகுவது' என்று போய், 'தொடர்ச்சி 9ஆம் பக்கம்' என்று நின்றது. ஒன்பதாம் பக்கத்தில் தொடர்ச்சி இல்லை. பக்கம் முழுவதும் வாரியத்தின் ஆண்டு விழா விளம்பரம் இருந்தது. ஒரு குழந்தை குழாயில் வாய்வைத்துச் சிரித்தது.

அத்தான் பெரிய பேப்பர் படிக்கிறவர். தலைப்பிலிருந்து அச்சிட்டவர் முகவரி வரைக்கும் விடமாட்டார். அன்று காலை வால்வுக்காரர் மேற்குத் தொட்டியிலிருந்து சைக்கிளில் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்து இறக்கியபோது அவர் பதினான்காம் பத்தியில் இருந்தார்.

"அத்தான், குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்க. நான் கண்ணால பார்த்தேன்."

"நீ பார்த்த, சரி. ஆனா பேப்பர்ல மாறுபட்ட கருத்துன்னுதானே போட்டிருக்கான்? கெட்டுப்போச்சுன்னு போடலையே. நான் ரெண்டு பக்கமும் கேட்டு முடிவெடுக்கிற ஆளு." சொல்லிவிட்டு டம்ளரை எடுத்து, சரியாகப் பாதி குடித்து, மீதியைக் கீழே வைத்தார்.

அக்கா சின்னப் பேப்பர் படிக்கிறவள். அத்தானுக்குத் தெரியாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துப் படிப்பாள். அடுப்படி வாசலில் கண்கள் சிவந்து நின்றாள்.

"யாருடா அவ?"

"அக்கா, அதெல்லாம் பொய். அந்தம்மா வாடை வருதுன்னு மட்டும்தான் சொன்னாங்க. நீ முதல்ல இந்தக் கேன் தண்ணியைக் குடத்துல ஊத்து."

"இருபது வருஷமா உனக்குப் பொண்ணு பார்த்து என் செருப்பு தேஞ்சுபோச்சு. ஒருத்தியைப் பிடிச்சிருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? ஊரே படிச்சப்புறம் நான் படிக்கணுமா?" அவளுக்குக் கோபமெல்லாம் தையல்காரி மேல் இல்லை. தனக்குச் சொல்லவில்லையே என்பதுதான். "இது எங்கிருந்து பிடிச்ச தண்ணி?"

"மேற்கால."

"பொய் சொல்லாதே. அவ வீட்டுல இருந்து தூக்கிட்டு வர்ற. எனக்குச் சொல்லாம உறவு வச்சுகிட்டு, அவ வீட்டுத் தண்ணியை எனக்குக் கொண்டாந்து ஊத்தறியா?"

இரண்டு கேன்களையும் தூக்கி வாசலில் கவிழ்த்து, அந்த நல்ல தண்ணீரில் படிக்கட்டைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு குழாயடிக்குப் போய் ஒரு குடம் பிடித்து, தம்பி பார்க்கும்படியாக ஒரு சொம்பு மடமடவென்று குடித்தாள். வால்வுக்காரர் சொம்பைப் பிடுங்கப் போனார். கையைத் தட்டிவிட்டாள். அவருக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்து அக்கா, பேப்பரில் போட்டது அத்தனையும் உண்மைதான் என்று முடிவு செய்துகொண்டாள்.

தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கதவைத் திறந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "தையக்காரம்மா வீட்டுக்கு மட்டும் தனி பைப்பாமே" என்று ஒருவர் கேட்டார். பெரிய பேப்பர் வீடுகளில் மரியாதையாக உட்காரவைத்து, ஒன்பதாம் பக்கத்துத் தொடர்ச்சி வரட்டும் என்றார்கள், குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள். சொன்னதை நம்பி அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்தது கிழக்குப் பகுதியிலேயே தையல்காரம்மா ஒருத்திதான். அவளிடம் தைக்கக் கொடுத்திருந்தவர்கள் எல்லாரும் அன்று மத்தியானத்துக்குள் வந்து வெட்டாத துணியைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள்.

வால்வுக்காரர் மறுப்புப் போடச் சொல்லி மறுபடி அந்தக் கட்டடத்துக்குப் போனார். இரண்டு மாடியிலும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் மீது யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதில் இரண்டு பேரும் ஒரே கொள்கை உடையவர்கள்.

சின்னப் பேப்பரின் மறுப்பு: 'அவளை எனக்குத் தெரியவே தெரியாது! வால்வு மன்மதன் பல்டி! கைவிடப்பட்ட தையல்காரி கதி என்ன!!'

பெரிய பேப்பரின் திருத்தம் பதினோராம் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்திருக்கிறவர்களுக்காக வெளியாகியிருந்தது: 'செவ்வாய்க்கிழமை இதழில் இரண்டாம் எண் தொட்டி வால்வின் விட்டம் பதினெட்டு அங்குலம் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. பதினாறு அங்குலம் என்பதே சரி. பிழைக்கு வருந்துகிறோம்.'

புதன்கிழமை அக்காவுக்கு வயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. வியாழக்கிழமை, வாரியத்தின் விழாவில் என்ஜினியர் மாலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் அவளைத் தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். அந்த வார்டில் இருந்த அத்தனை பேரும் கிழக்குப் பகுதிக்காரர்கள். அத்தானுக்கும் வயிறு சரியில்லைதான். ஆனால் பாதிப் பாதி டம்ளராகக் குடித்தவர் என்பதால் நடமாடிக்கொண்டிருந்தார். நடுநிலை அவரை மட்டும் காப்பாற்றிவிட்டது.

அன்று மத்தியானம் பத்திரிகை ஆபீசிலிருந்து ஆள் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கட்டடத்தின் குளிர்சாதன அரங்கில் கருத்தரங்கம். தலைப்பு, 'ஒரு செய்தி, இரு பார்வைகள்'. இரண்டு பத்திரிகைகளும் ஒரே செய்தியை எவ்வளவு சிறப்பாக வெவ்வேறு விதமாகப் போட்டன என்பதற்கு இரண்டாம் எண் தொட்டியையே உதாரணமாக எடுத்திருந்தார்கள். சாதாரண மனிதர் என்ற வகையில் வால்வுக்காரர் இரண்டு நிமிடம் பேசலாம்.

அக்காவை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. அத்தான்தான் தள்ளினார். "போயிட்டு வா. மேடையில சொன்னா மறுநாள் பேப்பர்ல வரும். வந்துட்டா எல்லாரும் நம்புவாங்க."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் பாதிதான் வந்தது. "டேய், நான் கோபத்துல ஏதோ பேசிட்டேன். அவ நல்லவளா இருந்தா கட்டிக்கோ. எனக்குச் சம்மதம்டா."

"சரிக்கா" என்றார் வால்வுக்காரர். வேறு என்ன சொல்வார்?

அரங்கத்தில் ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் மலை ஊற்றுத் தண்ணீர் பாட்டில் சீல் வைத்து வைத்திருந்தது. வாசலில் எல்லா நிருபர்களுக்கும் அன்றைய பேச்சுகளைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார்கள். நிருபர்கள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இனிக் காது தேவையில்லை என்ற நிம்மதியோடு உட்கார்ந்தார்கள். அங்கே நடந்தது எதுவானாலும் அந்தத் தாளில் உள்ளதுதான் நடந்ததாக ஆகும்.

முதலில் ஆச்சரியக்குறி பேசினார். "ஒரு தொட்டி! அதில் தண்ணீர்! அது கெட்டுவிட்டது! இதை எவனய்யா படிப்பான்! நாங்கள் அதில் ஒரு பெண்ணை இறக்கினோம்! மூன்று பதிப்பு விற்றது! தண்ணீர் கெட்டது ஆறாயிரம் வீட்டுக்குத்தான் பிரச்சினை! காதல் கெட்டால் ஊருக்கே பிரச்சினை! எங்கள் வாசகரை நாங்கள் ஒரு நிமிடம்கூடச் சிந்திக்கவிட்டுத் தொந்தரவு செய்ததில்லை!"

பலத்த கைதட்டல். அடுத்து அரைப்புள்ளி எழுந்தார். "எங்கள் நாளிதழ் எண்பது ஆண்டுகளில் ஒரு முறைகூடத் தவறான செய்தி வெளியிட்டதாக நிரூபிக்கப்பட்டதில்லை, ஏனெனில் என்ன வெளியிட்டோம் என்பதே இதுவரை நிரூபிக்கப்பட்டதில்லை. உண்மை ஒரு பக்கமும் பொய் ஒரு பக்கமும் நிற்கும்போது சரியாக நடுவில் நிற்பவர்கள் நாங்கள். அந்த இடத்திலிருந்து அரை அடிகூட உண்மையின் பக்கம் சாய்ந்ததில்லை என்பதைப் பெருமையுடன் கூறிக்கொள்கிறேன்."

இன்னும் பலத்த கைதட்டல். கடைசியில் முதலாளி. மிகவும் எளிமையான மனிதர். "என் கட்டடத்துக்குள்ளே ஒரு செய்தி நுழைந்தால் இரண்டாக வெளியே போகிறது. ஒன்றைப் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். மற்றதைப் படித்தவர்கள் தூங்குகிறார்கள். ஊரில் அமைதி நிலவுகிறது. ஒரு பத்திரிகை முதலாளி இதற்கு மேல் நாட்டுக்கு என்ன செய்துவிட முடியும்?"

நேரமாகிவிட்டதால் வால்வுக்காரருக்கு அரை நிமிடம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்து, "தண்ணி..." என்று ஆரம்பித்தார். உடனே ஒருவர் பாய்ந்து வந்து பாட்டிலைத் திறந்து அவர் கையில் திணித்தார். அந்த மனிதாபிமானத்தைப் பார்த்து அரங்கம் கைதட்டியது. போட்டோக்காரர் படம் எடுத்தார். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து, ஒரு வார்த்தை விடாமல், தெள்ளத் தெளிவாக, வால்வுக்காரர் சொன்னார்: "ரெண்டாம் நம்பர் தொட்டில சாக்கடை கலந்திருக்கு. வார்டு நிறைஞ்சு கிடக்கு. என் அக்கா தரையில கிடக்கா. தயவுசெஞ்சு அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு நாளைக்குப் போடுங்க." இருநூறு நிருபர்கள் அதைக் கேட்டார்கள். பைக்குள் இருந்த தாளில் அது இல்லை. சாப்பாடு பக்கத்து அறையில் என்று அறிவித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அத்தான் வராந்தா பெஞ்சில், மடித்த பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்து, "உன்னைத்தான் கேட்டுகிட்டே இருந்தா" என்றார்.

அன்று சாயங்காலச் சின்னப் பேப்பரில் வால்வுக்காரர் கையில் திறந்த பாட்டிலோடு நின்றார். 'அக்கா ஆஸ்பத்திரியில்! தம்பி ஏசி ஹாலில் ஜில் தண்ணீர்!!' சாவு விஷயம் தெரிந்ததும் அடுத்த பதிப்பில் மாற்றினார்கள்: 'தம்பியின் தையல்காரி மோகம்! அவமானத்தில் அக்கா தற்கொலையா!!' சனிக்கிழமைப் பெரிய பேப்பர், கிழக்குப் பகுதியில் ஒரு வாரத்தில் பதினோரு பேர் இறந்திருப்பது பருவகாலச் சராசரியோடு ஒப்பிட்டால் கவலைப்படத்தக்கதா என்பது விவாதத்துக்குரியது என்று எழுதியது. கருத்தரங்கம் பற்றிய செய்தியின் கடைசியில் 'பார்வையாளர் ஒருவரும் பேசினார்' என்று இருந்தது.

சனிக்கிழமை காலையில் அக்காவை எடுத்தார்கள். எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்ததும் அத்தான் சொன்னார், "பேப்பர்ல ஒரு இரங்கல் குடுத்துரு. பெரிய பேப்பர்லயே குடு. அவளுக்கு ஒரு மரியாதையா இருக்கும்."

இரங்கல் விளம்பரம் வாங்குகிற இடம் மாடியில் இல்லை. கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துகிற சந்தில், கம்பி போட்ட ஒரு ஜன்னல். உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஃபாரத்துல எழுதுங்க. படம் இருந்தா குடுங்க."

வால்வுக்காரர் ஜன்னல் கட்டையில் வைத்து எழுதினார். வெகுநேரம் எழுதவில்லை. அவர் ஒரு வாரமாக மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதானே. அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

"இது இப்படியே வருமா?" என்று கேட்டார்.

"ஒரு எழுத்து மாத்தமாட்டோம்ங்க. செத்தவங்க வீட்டுல எழுதறதுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு. எடிட்டருங்க யாரும் இந்தப் பக்கமே வரமாட்டாங்க."

"மேலே யாரும் பார்க்கமாட்டாங்களா?"

"எதுக்குங்க பார்க்கணும்? நீங்க சொல்றது, நாங்க போடறோம்."

வால்வுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போன திங்கட்கிழமை நான் நேரா இங்க வந்து இதைக் குடுத்திருந்தா போட்டிருப்பீங்களா?"

அந்தப் பெண் ஃபாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "திங்கட்கிழமை உங்க அக்கா இருந்தாங்களா?"

"இருந்தா."

"அப்ப எப்படிங்க போடறது?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, விவரம் தெரியாதவருக்கு விதியைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவருக்கு ஃபாரத்தை நீட்டினாள். கிழக்குப் பகுதியிலிருந்து இன்னும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பேப்பரின் ஐந்தாம் பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்குள் அக்கா இருந்தாள். பத்து வருஷத்துக்கு முந்தைய படம், போட்டோக்காரரை முறைத்துக்கொண்டிருந்தாள். கீழே இவ்வளவுதான்: 'இரண்டாம் எண் தொட்டித் தண்ணீரைக் குடித்ததால் இறந்தார். அதில் சாக்கடை கலந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். இப்படிக்கு, தம்பி.'

பெரிய பேப்பர் படிக்கிறவர்கள் முதலில் பிரிப்பது ஐந்தாம் பக்கத்தைத்தான். எட்டு மணிக்குள் தெருவில் வீட்டுக்கு வீடு குடத்தைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் குழாய்க்குக் கட்டுப் போட்டார். அத்தான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தை இரண்டு முறை படித்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய், அக்கா புதன்கிழமை பிடித்து வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசல் சாக்கடையில் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார்.

"பார்த்தியா, பேப்பர்லயே போட்டுட்டான்" என்றார் வால்வுக்காரரிடம். "இதை ஒரு அஞ்சாறு நாள் முன்னாடி போட்டிருந்தா உங்க அக்கா குடிச்சிருக்கவே மாட்டா."